இரண்டு ராகம், ஒரே காம்பரா

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலையகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் லயத்தைச் சொல்வார்கள், கொழுந்தைச் சொல்வார்கள், அட்டையைச் சொல்வார்கள். சங்கீதம் என்றால் காமன் கூத்தும் தாலாட்டும் ஒப்பாரியும்தான் என்று ஒரு முடிவும் சொல்லிவிடுவார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பெரிய கிளாக்கர் ஐயாவின் வீட்டு முன்னறையில், சனிக்கிழமை இரவுகளில் கருநாடக சங்கீதப் புதிர் போட்டு மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு சிறு கூட்டமும் இருந்தது. 1960களின் கடைசி ஆண்டுகளில் நான் அந்தத் தோட்டப் பாடசாலைக்கு வாத்தியாராகப் போனபோது என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றியும், அங்கே கேட்கப்பட்ட ஒரு புதிருக்கு நான் சொன்ன பொய்யான விடையைப் பற்றியும்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கூட்டம் என்றால் ஐந்து பேர். பெரிய கிளாக்கர், டீமேக்கர், தபால் கந்தோரிலிருந்து ஒருவர், டவுனில் தையற்கடை வைத்திருந்த ஒருவர், நான். எங்களில் ஒருவருக்கும் ஒழுங்காகப் பாட வராது. எல்லோருக்கும் காது மட்டும் இருந்தது. அந்தக் காதுக்குத் தீனி போட்டது ஒரு வால்வு ரேடியோ.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1952இல் கேஸ்கர் இந்திய மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பிறகு, அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தது. அக்கரையில் இருந்தவர்கள் சினிமாப் பாட்டுக் கேட்க இலங்கை வானொலியைத் திருப்பினார்கள். நாங்களோ கச்சேரி கேட்க, 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தைத் தேடி முள்ளைத் திருப்பினோம். மழையில்லாத இரவென்றால் திருச்சி தெளிவாகக் கிடைக்கும். மழையில்லாத இரவு அந்தப் பக்கத்தில் எத்தனை என்று மலைநாட்டு நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அநேகமாகப் பாட்டு நடுவில்தான் பிடிபடும். பாடுகிறவர் யார், ராகம் என்ன, தாளம் என்ன என்று அறிவிப்பாளர் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எங்கள் புதிர் விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது.

பிறகு அது ரேடியோவை விட்டு இறங்கிக் கேள்வி பதிலாக வளர்ந்தது. வாரத்துக்கு ஒருவர் புதிர் போட வேண்டும். மற்றவர்கள் துண்டுக் கடதாசியில் விடை எழுத வேண்டும். பெரிய கிளாக்கர் அவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தார். அந்தக் கொப்பி 1983 யூலையில் அவருடைய வீட்டோடு சேர்ந்து எரிந்துபோயிற்று. ஆகவே நான் இங்கு சொல்வன என் நினைவில் தங்கியவை மாத்திரமே.

சிலவற்றைச் சொல்கிறேன். நேயர்களும் விடை தேடிப் பார்க்கலாம். "மூன்று பிள்ளைகள் ஒரே ஊரில் பிறந்தார்கள், மூவரும் மும்மூர்த்திகள் ஆனார்கள், ஊர் எது?" இது பாலபாடம். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் 1762க்கும் 1776க்கும் இடையில் திருவாரூரில் பிறந்தவர்கள். "தொப்பி இடப்பக்கம், கூடு வலக்கைக்கு, குச்சி இடக்கைக்கு, யார் இவர்?" இது தையற்கடைக்காரர் போட்டது. விடை தவில். தவிலின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர், அதைக் குச்சியால் அடிப்பார்கள். வலப்பக்கத்தை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். அளவெட்டி தட்சணாமூர்த்தியின் தவிலை ஒரு தடவை நேரில் கேட்ட மயக்கத்தில் அவர் இதைக் கட்டினார். 1975இல் அந்த மேதை நாற்பத்திரண்டு வயதுகூட நிறையாமல் மறைந்தபோது, தையற்கடையை ஒரு நாள் பூட்டி வைத்தார்.

"ஆண் வேடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கிய பெண் யார்?" என்று டீமேக்கர் கேட்டார். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் எங்கள் பகுதியில் செல்வாக்கோடு இருந்ததற்குக் காரணம் சங்கீதம் மட்டுமல்ல என்பது என் அபிப்பிராயம். ஊருக்குப் போய்வர உத்தரவு கேட்டு ஆண்டை முன்னால் கைகட்டி நிற்கும் ஒரு கூலியாளின் கதையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

உள்ளூர்ப் புதிரும் ஒன்று இருந்தது. "வித்துவான் இல்லை, ஆனால் பாடித்தான் கூட்டம் சேர்த்தார், அட்டனில் அவர் வீட்டில் பாட்டும் அரசியலும் ஒரே அடுப்பில் வெந்தன." கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார்தான் விடை. 1930களில் தொழிற்சங்க மேடைகளில் தொழிலாளரின் துயரைத் தெரிந்த மெட்டுகளில் பாட்டாகப் பாடியவர் அவர்.

ஆனால் எங்கள் கொப்பியில் அதிகப் பக்கம் பிடித்தது எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்கள்தான். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி ஏழு சுரங்களையும் கணக்குப் போட்டு எழுபத்திரண்டு தாய் ராகங்களுக்கு வழிவகுத்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றுக்குப் பெயரிட்டபோது, பெயருக்குள்ளேயே எண்ணை ஒளித்துவைத்தார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். பெயரின் முதல் இரண்டு எழுத்தை எடுத்து, எண்ணாக்கி, திருப்பிப் போட்டால் ராகத்தின் வரிசை எண் வந்துவிடும். மாயாமாளவகௌளையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று, திருப்பினால் 15. 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதர் ஒரு பாட்டுப் பாடி ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்த சாருகேசியில் 'சா' ஆறு, 'ரு' இரண்டு, ஆக 26. பழைய கல்யாணியின் முன்னால் 'மேச' என்றும், சங்கராபரணத்தின் முன்னால் 'தீர' என்றும் ஒட்டுப் போட்டதுகூட இந்தக் கணக்குச் சரிவரத்தான். இதற்குக் கடபயாதி என்று பெயர்.

இந்தத் திறவுகோல் எங்களுக்குக் கிடைத்தது பெரிய கிளாக்கரின் மகள் மூலம். அந்தப் பிள்ளை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரவல் வாங்கிய அச்சுப் புத்தகமொன்றிலிருந்து எழுத்து அட்டவணையைப் பார்த்து எழுதித் தந்தாள். க ஒன்று, ங ஐந்து, ச ஆறு, ஞ பூச்சியம்; ட ஒன்று, ண ஐந்து, த ஆறு, ந பூச்சியம்; ப ஒன்று, ம ஐந்து; ய ஒன்று, ர இரண்டு, ல மூன்று, வ நான்கு; இப்படிப் போகும். ஒன்றுக்கு அடுத்து ஏன் ஐந்து என்று ஐந்து பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர் ஆறாவது ஆள்.

அவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் இராவேலை செய்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. மாரியம்மன் கோயிலில் மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். பெரிய கிளாக்கர் வீட்டு ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்தபோது ஒட்டிக் கொடுக்க வந்தார். அதன்பிறகு சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகுமுன் வந்து உட்காருவார். நாங்கள் முன்னறையில் கதிரைகளில் இருப்போம். அவர் இஸ்தோப்பில் பலகையில் இருப்பார். அப்படி இரு என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே வா என்றும் யாரும் சொன்னதில்லை.

ஒரு நாள் அவரே ஒரு புதிர் போட்டார். ஆர்மோனியத்தை இஸ்தோப்புக்கு எடுத்துப்போய், "மாஸ்டர், இந்தக் கட்டைய அழுத்திப் புடிச்சிக்கிட்டு இருங்க" என்று என்னைப் பக்கத்தில் இருத்தினார். வெள்ளைக் கட்டை ஒன்றைக்கூடத் தொடாமல் கறுப்புக் கட்டைகளில் மட்டும் வாசித்தார். பெரிய கிளாக்கர் "மோகனம்" என்றார். என் விரலை அடுத்த கறுப்புக் கட்டைக்கு மாற்றச் சொல்லி, அங்கிருந்து தொடங்கி, அதே ஐந்து கட்டைகளை வாசித்தார். "மத்தியமாவதி!" அடுத்தது இந்தோளம். அடுத்தது சுத்தசாவேரி. கடைசிக் கட்டையில் சுத்ததன்யாசி. கறுப்புக் கட்டை ஐந்து, ராகமும் ஐந்து. ஆதார சுருதி இருக்குமிடம் மாற மாற ராகம் மாறுகிறது. வித்துவான்கள் இதைக் கிரகபேதம் என்பார்கள். அவருக்கு அந்தச் சொல்லும் தெரியாது, ஐந்து ராகத்தின் பெயரும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சினிமாப் பாட்டைப் பெயராக வைத்திருந்தார். இன்றைக்கும் ஆர்மோனியம் வைத்திருக்கும் நேயர்கள் செய்து பார்க்கலாம். அன்று நாங்கள் கைதட்டினோம். தட்டிவிட்டு உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்துகொண்டோம்.

அடுத்த புதிர்தான் எனக்கு வினையாயிற்று. அது 1971. கடபயாதிக் கணக்கை நாங்கள் உரக்கப் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அவருக்குப் பாடமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை இஸ்தோப்பிலிருந்து கேட்டார்:

"மாஸ்டர், கரகரப்ரியாவுல 'க' ஒண்ணு, 'ர' ரெண்டு. திருப்புனா இருபத்தொண்ணு. கீரவாணியும் இருபத்தொண்ணு. தீரசங்கராபரணம் இருபத்தாறு வருது, சாருகேசியும் இருபத்தாறு. ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம் இருக்கும். நம்ம லயத்துலயே இருக்கு. ரெண்டு ராகம் எப்பிடி மாஸ்டர் இருக்கும்?"

பெரிய கிளாக்கரின் பட்டியலில் கரகரப்ரியாவுக்கு 22 என்றும், சங்கராபரணத்துக்கு 29 என்றும் இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாத்தியார் அல்லவா? மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். 21 தான் வந்தது. மறுபடி எண்ணினேன். 21 தான். அவர் அதற்குள் ஆர்மோனியத்தில் கரகரப்ரியாவையும் கீரவாணியையும் அடுத்தடுத்து வாசித்து, மேலே இரண்டு சுரம் வேறாக இருப்பதைக் காட்டினார். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க முடியாதென்று அவர் காது சொல்லிற்று. ஒரே எண்தான் என்று எங்கள் அட்டவணை சொல்லிற்று. எங்கே பிழை என்பதுதான் அவர் கேட்டது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"நீ பிழையாய் எண்ணுகிறாய். எண்ணத் தெரியாதவனுக்கு எதற்குச் சங்கீதம்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்ததாகத்தான் ஞாபகம். இராவேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல் ஏற்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நேயர்கள் அறிந்ததே. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று இரண்டு நாடுகள் கணக்குப் போட்டுக்கொண்டன. அந்தக் கணக்கில் யாரும் யாரிடமும் எண்ணத் தெரியுமா என்று கேட்கவில்லை. 1972இல் அவருடைய குடும்பத்துக்கும் பாஸ்போட் வந்தது. அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏற்ற ஊரே போனது. தலைமன்னாருக்குப் போகும் சனங்களின் அழுகையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதைப் பார்த்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நானும் போயிருந்தேன். கூட்டத்தின் பின்னால் நின்றேன். ஒரு சாக்கில் சுற்றிய ஆர்மோனியப் பெட்டியை அவர் ஜன்னல் வழியாக உள்ளே வாங்கியதைப் பார்த்தேன். அந்த ஆர்மோனியத்தைப் பெரிய கிளாக்கர் கொடுத்தனுப்பியிருந்தார். நான் எதுவும் கொடுக்கவில்லை, பேசவுமில்லை.

1974இல் பாடசாலை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருந்தேன். ஒரு புத்தகக் கடையில் தமிழில் அச்சான பழைய சங்கீதப் புத்தகமொன்றைப் புரட்டினேன். கடபயாதி அட்டவணை அதில் இருந்தது. முதல் வரியிலேயே 'க' நான்கு தடவை அச்சாகியிருந்தது. முதல் க வெறும் க. இரண்டாவது க-வின் தோளில் எறும்பு முட்டைபோல ஒரு சின்ன 2. மூன்றாவதில் 3. நான்காவதில் 4. சமஸ்கிருதத்தில் க-வுக்கு நான்கு ஒலி, நான்கு எழுத்து. தமிழில் ஓர் எழுத்துத்தான். அந்தக் குறையைத் தீர்க்க அச்சுக்காரர் சின்ன எண்ணைப் போட்டிருக்கிறார். ஒன்றுக்கு அடுத்து ஏன் ஐந்து என்பதற்கு விடை அதுதான்: நடுவில் இருந்த மூன்று க-வையும் காணோம். பெரிய கிளாக்கரின் மகள் ஒரே எழுத்து நான்கு தடவை அச்சாகியிருப்பது அச்சுப் பிழை என்று நினைத்து, ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு, மற்றவற்றை விட்டிருக்கிறாள்.

கரகரப்ரியாவின் முதல் எழுத்து இரண்டாவது க. எனவே இரண்டும் இரண்டும் 22. தீரசங்கராபரணத்தின் 'தீ' நான்காவது த. அதற்கு எண் ஒன்பது. எனவே 29. அவர் பிழையாக எண்ணவில்லை. நாங்கள் அவர் கையில் கொடுத்த அட்டவணையில் அவர் எண்ணியது முழுச் சரி. பிழையிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர் ஒருவர்தான்.

கடையில் நின்றபடியே எனக்கு வியர்த்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

விலாசம் தேடப் பல மாதம் பிடித்தது. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. 1976இல் அது தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அங்கே கூடலூர்ப் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒருவர் மூலம் தெரிந்தது. இங்கிருந்து போயும் அதே கொழுந்து, அதே குளிர். கடிதம் எழுத உட்கார்ந்தால் எப்படி விளிப்பது என்றே தெரியவில்லை. நேரில் எப்போதும் 'நீ' என்றே பேசியவன் நான். கடைசியில் "அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு" என்று தொடங்கினேன். 21, 22 விவகாரத்தை முழுதாக எழுதினேன். அன்று நானும் மனதுக்குள் எண்ணியதையும், 21 வந்ததையும் எழுதினேன். அந்த அட்டவணையைச் சின்ன எண்களோடு பார்த்தெழுதி உள்ளே வைத்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுபத்திரண்டையும் புது அட்டவணைப்படி எண்ணிப் பார்த்ததாகவும், ஏறக்குறைய எல்லாம் சரி, ஆனால் சக்கரவாகம் போல ஒற்றெழுத்து வருகிற பெயர்களில் எந்த எழுத்தை எடுப்பது என்பது சந்தேகமாக இருக்கிறதென்றும் எழுதியிருந்தார். அது உண்மையிலேயே இடிக்கிற இடந்தான். கூடவே ஒரு புதிர்: "எழுபத்திரண்டு வீட்டுக்கும் தமிழில் விளக்கேற்றியவர் யார்?" எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களிலும் தமிழில் கீர்த்தனை செய்த கோடீஸ்வர ஐயர் என்று நான் பதில் எழுதினேன். தமிழ்ப் பாட்டில் ஓர் ஆளைக் கேட்டது எனக்கு உறைத்தது.

இப்படி ஏரோகிராமில் புதிர் போவதும் வருவதுமாக ஐந்தாறு வருடம். எனக்கு அந்த வீட்டில் சனிக்கிழமைகளில் கிடைத்ததைவிட அதிகம் இந்த நீலக் கடதாசிகளில் கிடைத்தது.

கடைசியாக வந்த கடிதங்களில் ஒன்றில் வெறும் கோடும் புள்ளியும். அடியில் ஒரு வரி: "ராகம் இல்ல மாஸ்டர், அடி மட்டும். எங்க, எத்தன மணிக்கு?" நான் எண்ணிப் பார்த்தேன். கண்ட சாபு என்று நினைத்தேன், மிச்ச அடி தள்ளியது. மிஸ்ர சாபுவில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. பெரிய கிளாக்கரும் டீமேக்கரும் கூடி ஒரு சனிக்கிழமை முழுக்கத் தட்டிப் பார்த்தோம். யாழ்ப்பாணத்துப் புத்தகத்திலும் அது இல்லை.

பிறகுதான் ஒரு பகலில் பத்தாம் நம்பர் லயத்துக்குப் போய், தப்படித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் கோட்டையும் புள்ளியையும் வாயால் தட்டிக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். உள்ளே போய்த் தப்பை எடுத்துவந்து, வெயிலில் காட்டி, மிச்சத்தை அடித்து முடித்தார். "என்னா மாஸ்டர், இது தெரியாதா? விடிய அஞ்சு மணி. நம்ம பெரட்டுத் தப்பு" என்றார்.

அந்தத் தோட்டத்தில் அப்போது பிரட்டுக்குத் தப்படிப்பதை நிறுத்திச் சங்கு ஊதத் தொடங்கிச் சில வருடமாகியிருந்தது. தாத்தா விடாமல் இன்னொரு சுற்று அடித்தார். பக்கத்துக் காம்பராக் கதவு திறந்தது. ஒரு கிழவி படங்கை இடுப்பில் சுற்றியபடியே வெளியே வந்து, "இதென்னாடா அதிசயம், மத்தியான நேரத்துல பெரட்டா?" என்றாள்.

அன்றிரவே விடையை எழுதிப் போட்டேன். மறுபடி வந்த கடிதத்தில் ஒரே சொல்தான் இருந்தது: "சரி."